பொத்தானா, தொடுதிரையா? கார் நிறுவனங்கள் ஏன் பழைய வழிக்குத் திரும்புகின்றன

ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் புதிய கார்களை மோதிப் பார்த்து, அவற்றின் பாதுகாப்புக்கு நட்சத்திரத் தரம் வழங்கும் அமைப்பு யூரோ என்கெப். அதன் தரம் சட்டம் அல்ல. ஆனால் ஐந்து நட்சத்திரம் பெறாத காரை ஐரோப்பியச் சந்தையில் விற்பது கடினம் என்பதால், கார் நிறுவனங்கள் அதன் நிபந்தனைகளைச் சட்டம் போலவே மதிக்கின்றன. 2024 ஆம் ஆண்டு இந்த அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026 ஜனவரி முதல், சிக்னல், வைப்பர், ஹோர்ன், அபாய விளக்கு, அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்தையும் கையால் தொட்டு உணரக்கூடிய பொத்தானாகவோ தண்டாகவோ வைத்திருக்காத காருக்கு உச்ச தரம் எட்டாது என்பதே அந்த அறிவிப்பு.

ஹோர்னுக்கும் சிக்னலுக்கும் பொத்தான் வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு விதி தேவையா என்று கேட்கத் தோன்றும். தேவைப்பட்டது. ஏனென்றால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் காரின் உட்புறத்தில் இருந்த பொத்தான்களும் குமிழ்களும் ஒவ்வொன்றாக மறைந்து, நடுவில் ஒரு பெரிய கண்ணாடித் திரை மட்டும் எஞ்சியது. ஏசி, வானொலி, பக்கக் கண்ணாடி, சில கார்களில் வைப்பரின் வேகம், கியர் மாற்றுவது வரை அந்தத் திரைக்குள் போய்விட்டன.

இது பணம் படைத்தவர்களின் காருக்குள் நடக்கும் விவாதம் போலத் தெரியலாம். ஆனால் எறிகணைச் சிதறலில் விரல்களை இழந்தவருக்கும், ஒரு கண்ணில் பார்வை போனவருக்கும், செயற்கைக் கையுடன் வாழ்பவருக்கும் இது வேறொரு கேள்வி. ஒரு வாகனத்தைத் தன்னால் ஓட்ட முடியுமா, முடியாதா என்ற கேள்வி. எங்கள் மண்ணில் இப்படியானவர்கள் இல்லாத ஊர் இல்லை. ஆகவே இந்த விவாதத்தின் வரலாற்றையும், அதன் பின்னாலுள்ள ஆய்வுகளையும், எங்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் பயனையும் இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

திரை காருக்குள் வந்த கதை

தொடுதிரையுடன் விற்பனைக்கு வந்த முதல் கார் அமெரிக்காவின் பியூக் ரிவியரா. ஆண்டு 1986. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்தது போன்ற படக்குழாய்த் திரை ஒன்றை அதன் நடுவில் பொருத்தியிருந்தார்கள். ஏசியும் வானொலியும் அதன் வழியாகவே இயங்கின. ஒரு சிறிய மாற்றத்துக்குக்கூட வீதியிலிருந்து கண்ணை எடுத்துத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வாங்கியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1990 ஆம் ஆண்டு மாதிரியில் பியூக் அந்தத் திரையைக் கைவிட்டுப் பொத்தான்களுக்குத் திரும்பியது. இன்று உலகம் முழுவதும் நடப்பதன் சுருக்கம் அந்தச் சில ஆண்டுகளிலேயே நடந்து முடிந்திருந்தது.

2001 இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தனது 7 வரிசைக் காரில் வேறொரு வழியை முயன்றது. திரை மேலே இருக்கும். அதைத் தொடத் தேவையில்லை. முன் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள ஒரு பெரிய குமிழைச் சுழற்றியும் அழுத்தியும் இயக்க வேண்டும். தொடக்கத்தில் அது சிக்கலானது என்று கடுமையாக விமர்சிக்கப்பட்டாலும், பின்னர் வேறு பல நிறுவனங்கள் அதே முறையைப் பின்பற்றின.

2007 இல் ஐபோன் வந்தது. விரலால் தட்டி, தள்ளி, விரித்து இயக்கும் பழக்கம் சில ஆண்டுகளுக்குள் கோடிக்கணக்கான மக்களின் கைகளுக்கு வந்துவிட்டது. 2012 இல் டெஸ்லாவின் மொடல் எஸ், 17 அங்குலத் திரையுடன் வந்தது. 2017 இல் வந்த மொடல் 3 இல் சாரதிக்கு முன்னால் வேகமானிகூட இல்லை. எல்லாமே நடுத்திரையில்தான். அதைப் பார்த்த மற்ற நிறுவனங்கள், பெரிய திரை இல்லாத கார் பழைய கார் போலத் தெரிந்துவிடும் என்று அஞ்சின. 2018 மே முதல் அமெரிக்காவில் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கமரா கட்டாயமானது. கமரா இருந்தால் அதைக் காட்ட ஒரு திரை வேண்டும். திரை எப்படியும் இருக்கப்போகிறது என்றால், மற்றவற்றையும் அதற்குள் போட்டுவிடலாமே என்று கணக்குப் பார்ப்பது இலகுவாகிவிட்டது.

கணக்கு என்பதே இங்கு முக்கியமான சொல். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு, தனி வயர், தனிப் பரிசோதனை தேவை. பல்லாயிரம் தடவை அழுத்தினாலும் அது பழுதடையக்கூடாது. நாட்டுக்கு நாடு, மாதிரிக்கு மாதிரி அதன் வடிவம் மாறும். திரைக்கு அந்தச் செலவுகள் இல்லை. ஒரே திரையை எல்லா மாதிரிகளிலும் பொருத்தலாம். வடிவமைப்பு முடியாவிட்டாலும் காரை விற்றுவிட்டு, பின்னர் மென்பொருளை இணையம் வழியாகத் திருத்தலாம். திரை சாரதிக்கு வசதி என்று விளம்பரத்தில் சொன்னார்கள். அது உற்பத்தியாளருக்கும் வசதி என்பதைச் சொல்லவில்லை.

கை அறிவதும் கண் தேடுவதும்

வீட்டில் மின்சாரம் நின்ற இரவில், பழகிய அறையில் மின்விளக்கின் ஆளியைக் கை தானாகவே கண்டுபிடிக்கிறது. கண்ணின் உதவி இல்லாமலே கை தன் இடத்தை அறியும் இந்தத் திறன் உடலுக்கு இயல்பானது. பழகப் பழக அது உறுதியாகிறது. காரின் பொத்தான்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. குமிழ் வட்டமாக இருக்கிறது. அபாய விளக்கின் பொத்தான் மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. திருப்பும்போது ஒவ்வொரு படியும் விரலுக்குத் தெரிகிறது. பொத்தானில் விரல் பட்டவுடன் அது இயங்கிவிடுவதில்லை. முதலில் தடவி, சரியானதுதானா என்று உணர்ந்து, பிறகு அழுத்தலாம். கண் வீதியிலேயே இருக்கும்.

தொடுதிரை வழவழப்பான கண்ணாடி. எங்கு தொட்டாலும் ஒரே உணர்வு. எனவே விரலை வழிநடத்தக் கண் வேண்டும். சரியான இடத்தில் பட்டதா என்று பார்க்க மறுபடியும் கண் வேண்டும். திரையில் பக்கங்கள் மாறுவதால், நேற்று ஏசி இருந்த இடத்தில் இன்று வரைபடம் இருக்கலாம். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் இடமே மாறிவிடலாம். குண்டும் குழியுமான வீதியில் நீட்டிய கை ஆடும்போது, விரல் பக்கத்துப் படத்தில் பட்டுவிடும். பொத்தானாக இருந்தால் கையை அதன் விளிம்பில் ஊன்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்வது அவசியம். இன்றைய கார்களின் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. மனித விரல் மின்னைக் கடத்துவது. அது அருகில் வரும்போது திரையின் மின்புலத்தில் ஏற்படும் சிறிய மாற்றத்தைத்தான் திரை உணர்கிறது. அதனால் சாதாரண கையுறை போட்ட விரலை அது அறியாது. நீர்த்துளி பட்டால் குழம்பும். பிளாஸ்ரிக்கிலோ இறப்பரிலோ செய்த செயற்கை விரல் எவ்வளவு அழுத்தினாலும் அதற்குத் தெரியாது.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2013 இல் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. காருக்குள் உள்ள கருவியில் ஒரு வேலையைச் செய்யும்போது சாரதியின் கண் ஒரு தடவைக்கு 2 செக்கனுக்கு மேல் வீதியை விட்டு விலகக்கூடாது. அந்த வேலை முழுவதற்கும் சேர்த்து 12 செக்கனைத் தாண்டக்கூடாது என்பது அதன் சாரம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் 2 செக்கனில் ஏறத்தாழ 39 மீற்றர் ஓடிவிடும். மாடு குறுக்கே வருவதற்கும், சைக்கிளில் போகும் பிள்ளை திரும்புவதற்கும் அந்தத் தூரம் போதும்.

2017 இல் அமெரிக்க வாகனச் சங்கத்தின் பாதுகாப்பு மன்றத்துக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 புதிய கார்களைச் சோதித்தார்கள். அவற்றில் 23 கார்களின் கருவிகள் சாரதியின் கவனத்தை அதிகமாகவோ மிக அதிகமாகவோ கோரின. போக வேண்டிய இடத்தை வரைபடத்தில் பதிவதற்குச் சராசரியாக 40 செக்கன் எடுத்தது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 40 செக்கனில் கார் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் போயிருக்கும்.

2020 இல் பிரித்தானியாவின் போக்குவரத்து ஆய்வுகூடம், சாரதிகளைப் போலி ஓட்டுக் கருவியில் உட்கார வைத்து, கைத்தொலைபேசியைக் காரின் திரையுடன் இணைக்கும் இரண்டு முறைகளையும் சோதித்தது. திரையைத் தொட்டு இயக்கியபோது சாரதியின் எதிர்வினை நேரம் ஒன்றில் 53 வீதமும் மற்றதில் 57 வீதமும் நீண்டது. அதே ஆய்வுகூடம் முன்னர் நடத்திய சோதனைகளில், சட்ட எல்லை வரை மது அருந்தியவரின் எதிர்வினை 12 வீதமும், கையில் தொலைபேசியை வைத்துக் குறுஞ்செய்தி எழுதியவரின் எதிர்வினை 35 வீதமும் தாமதமாகியிருந்தன.

சாதாரண வாசகருக்கு மிக எளிதில் விளங்கும் சோதனையைச் செய்தது சுவீடனின் ‘வி பிலேகாரே’ என்ற மோட்டார் சஞ்சிகை. 2022 இல் அவர்கள் 11 புதிய கார்களையும், 2005 ஆம் ஆண்டின் பழைய வொல்வோ வி70 ஒன்றையும் விமான ஓடுபாதை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில எளிய வேலைகளைச் செய்ய வேண்டும். வெப்பநிலையைக் கூட்டி இருக்கையைச் சூடாக்குவது, வானொலியில் ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்கு மாறுவது, பயணத் தூரக் கணக்கைப் பூச்சியமாக்குவது, கருவிப் பலகையின் வெளிச்சத்தைக் குறைப்பது ஆகியவை அவை. ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே ஒவ்வொரு காரோடும் பழக நேரம் கொடுக்கப்பட்டது.

பொத்தான்கள் நிறைந்த 17 வயதுப் பழைய வொல்வோவில் எல்லா வேலைகளும் 10 செக்கனில் முடிந்தன. அதற்குள் கார் 306 மீற்றர் ஓடியிருந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் அதே வேலைகளுக்கு ஏறத்தாழ 45 செக்கன் எடுத்தது. ஓடிய தூரம் 1,372 மீற்றர். விலை உயர்ந்த பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ் 30 செக்கன் எடுத்தது. மலிவான டேசியா சண்டேரோ 13.5 செக்கனிலும், திரையை எளிமையாக அமைத்திருந்த வொல்வோ சி40 அதற்கு மிக நெருங்கிய நேரத்திலும் முடித்தன. இந்தக் கடைசி விபரம் கவனிக்க வேண்டியது. திரை இருப்பதே குற்றம் அல்ல. எதைத் திரைக்குள் வைப்பது, எத்தனை பக்கங்களுக்குள் ஒளிப்பது என்பதில்தான் வேறுபாடு உருவாகிறது.

வைப்பருக்காக ஒரு வழக்கு

ஜேர்மனியில் கடும் மழையில் டெஸ்லா ஓட்டிச் சென்ற ஒருவர், வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்றபோது கார் வீதியை விட்டு விலகி மோதியது. அவருக்கு 200 யூரோ தண்டப்பணமும் ஒரு மாத ஓட்டுத் தடையும் விதிக்கப்பட்டன. வைப்பர் காரின் பாதுகாப்புக்கு அத்தியாவசியமானது, அதை மாற்ற வேறு வழி இல்லை என்று அவர் மேன்முறையீடு செய்தார். 2020 இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காரில் பொருத்தப்பட்ட திரையும், கைத்தொலைபேசியைப் போலச் சட்டம் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிதான் என்றது. திரைக்குள் வைப்பரை வைத்தது நிறுவனம். தண்டம் கட்டியது சாரதி.

கடலில் கிடைத்த பாடம்

இதைவிடக் கொடிய பாடம் கடலில் கிடைத்தது. 2017 ஓகஸ்ட் 21 அதிகாலையில், சிங்கப்பூர் நீரிணை அருகே அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பலான ஜோன் எஸ். மக்கெய்ன், அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 கடற்படையினர் உயிரிழந்தனர். அந்தக் கப்பலின் திசையையும் வேகத்தையும் இயக்கியது தொடுதிரை. கட்டுப்பாட்டை இரண்டு இருக்கைகளுக்குப் பிரிக்க முயன்றபோது, திசைக் கட்டுப்பாடு தவறுதலாக வேறொரு இருக்கைக்குப் போய்விட்டது. கப்பல் தன் கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தார் அதை ஓட்டிய மாலுமி. வேகத்தைக் குறைத்தபோது இரண்டு சுழலிகளில் ஒன்று மட்டும் குறைந்தது. கப்பல் ஒரு பக்கமாகத் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதையில் புகுந்தது.

பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும் அடிப்படைக் காரணங்கள் என்றது 2019 இல் வெளியான அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கை. தொடுதிரையின் வடிவமைப்பு தவறு நேரும் வாய்ப்பை அதிகரித்தது என்றும் அது சொன்னது. அதே ஆண்டு, அந்த வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டைத் தொடுதிரையிலிருந்து எடுத்துவிட்டு, கையால் தள்ளும் நெம்புகோலாக மாற்றப்போவதாகக் கடற்படை அறிவித்தது. கையைப் பார்த்தாலே வேகம் என்ன என்பது நெம்புகோலில் தெரியும். அருகில் நிற்பவருக்கும் தெரியும். திரையில் அது ஓர் எண் மட்டும்.

திரும்பி வரும் நிறுவனங்கள்

எங்கள் வீதிகளில் அதிகம் காணப்படும் ஹொண்டாவிலிருந்தே தொடங்கலாம். 2013 இல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபிட் காரிலும், அதே ஆண்டில் வந்த முதல் வெசலிலும், ஏசிக்குப் பொத்தான் இல்லாத வழவழப்பான தொடுபலகை இருந்தது. அடுத்த தலைமுறை ஃபிட்டில் ஹொண்டா மீண்டும் குமிழ்களைப் பொருத்தியது. தொடுபலகையைப் பார்க்காமல் இயக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னதே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. 2021 இல் வந்த புதிய வெசலிலும் ஏசிக்குக் குமிழ்களே இருக்கின்றன.

மிகப் பெரிய திருப்பம் வொக்ஸ்வாகனுடையது. 2019 இல் வந்த எட்டாம் தலைமுறை கோல்ஃபிலும், அடுத்து வந்த ஐடி.3 மின்காரிலும் ஒலியளவுக்கும் வெப்பநிலைக்கும் தடவும் பட்டை ஒன்றை வைத்தார்கள். இரவில் அந்தப் பட்டையில் வெளிச்சம்கூட இல்லை. இந்த முடிவு நிறுவனத்தின் பெயரைப் பெரிதும் பாதித்தது என்பதை அதன் தலைமை நிர்வாகி தோமஸ் ஷேஃபர் 2023 இல் ஒப்புக்கொண்டார். 2025 இல் வடிவமைப்புத் தலைவர் அன்ட்ரியாஸ் மின்ட், ஒலியளவு, இரு பக்க வெப்பநிலை, காற்றாடி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி எல்லா மாதிரிகளிலும் திரைக்குக் கீழே பொத்தான் இருக்கும் என்று அறிவித்தார். கார் என்பது தொலைபேசி அல்ல என்றும் அவர் சொன்னார்.

ஹூண்டாயும் அடிக்கடி தேவைப்படும் வேலைகளுக்குப் பொத்தான்களை வைத்திருப்பதைக் கொள்கையாகச் சொல்கிறது. டெஸ்லா 2023 இல் மொடல் 3 இலிருந்து சிக்னல் தண்டையே நீக்கியது. ஆனால் 2025 இல் வந்த புதிய மொடல் வை காரில் அந்தத் தண்டு மீண்டும் இருந்தது. எல்லோரும் ஒரே திசையில் திரும்பவில்லை. 2019 இல் கவனச் சிதறலைக் காரணம் காட்டித் தொடுதிரையையே நீக்கிய மஸ்டா, 2025 இல் அறிமுகப்படுத்திய புதிய சிஎக்ஸ்-5 இல் பெரிய தொடுதிரையைப் பொருத்தி, பழைய குமிழை எடுத்துவிட்டது.

போர் மாற்றிய உடல்களும் வாகனமும்

வாகன வடிவமைப்பாளர் மனதில் வைத்திருப்பது இரண்டு கண்களும், பத்து விரல்களும், நல்ல செவியும் கொண்ட ஒருவரை. எங்கள் சமூகத்தில் பலருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

செயற்கைக் கை பொருத்தியவர் பொத்தானை அழுத்தலாம், குமிழைத் தட்டித் திருப்பலாம். முன் சொன்ன காரணத்தால் தொடுதிரை அந்தக் கையை அறியாது. மின்னைக் கடத்தும் முனை ஒன்றைச் செயற்கை விரலில் பொருத்தினால் ஓரளவு இயங்கும். ஆனால் அந்த விரலுக்குத் தொடு உணர்வு இல்லாததால், கண் எப்போதும் திரையில் இருக்க வேண்டும். விரல்களை இழந்து உள்ளங்கை மட்டும் எஞ்சியவருக்கும், கை நடுங்குபவருக்கும் திரையில் ஒரு சிறிய படத்தைச் சரியாகத் தொடுவது கடினம். பெரிய பொத்தானைக் கையின் எந்தப் பகுதியாலும் அழுத்திவிடலாம்.

காலை இழந்தவர்களின் நிலை வேறு. இடது காலை இழந்தவர் தானியங்கிக் கியர் காரை அப்படியே ஓட்டலாம். வலது காலையோ இரு கால்களையோ இழந்தவருக்குக் கைக் கட்டுப்பாடு பொருத்தப்படும். அதில் ஒரு கை முழு நேரமும் நெம்புகோலைப் பிடித்திருக்கும். தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். மற்றக் கை ஸ்டியரிங்கில் உள்ள உருண்டைப் பிடியைப் பற்றியிருக்கும். திரையைத் தொட மூன்றாவது கை இல்லை. இதற்காகவே அந்த உருண்டைப் பிடியில் சிக்னல், வைப்பர், ஹோர்ன் போன்றவற்றுக்குச் சிறிய பொத்தான்களைப் பொருத்தும் முறை இருக்கிறது. காரில் தனி ஆளி உள்ள வேலைகளை அந்தப் பொத்தான்களோடு இணைக்கலாம். திரையின் மென்பொருளுக்குள் மட்டும் இருக்கும் வேலையை அப்படி வெளியே எடுப்பது எளிதல்ல.

ஒரு கண்ணில் பார்வை இழந்தவருக்குப் பார்வைப் பரப்பு ஏற்கெனவே குறுகியது. அந்த ஒற்றைக் கண்ணும் திரைக்குப் போனால், ஒரு பக்க வீதி முழுவதும் இல்லாமல் போகிறது. எறிகணை வெடிப்பில் செவிப்புலன் குறைந்தவருக்கு, திரை எழுப்பும் மெல்லிய ‘பீப்’ ஒலி கேட்பதில்லை. பொத்தானின் ‘டிக்’ விரலுக்கே தெரியும். போர்க்காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்டார்கள். அந்த வயதில் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும், கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் கண் மாறிப் பார்க்க நேரம் எடுக்கும்.

முச்சக்கரவண்டியைப் பாருங்கள். வேகம் வலது கையில், கிளட்சும் கியரும் இடது கையில், கால் பிரேக்குக்கு மட்டும். இடது காலை இழந்தவருக்கும் அது தொழில் கொடுக்கக்கூடிய வாகனம். யாரும் அதை மாற்றுத்திறனாளிகளுக்காக வடிவமைக்கவில்லை. கையால் உணரக்கூடிய எளிய கருவிகள் பலதரப்பட்ட உடல்களுக்குப் பொருந்தும் என்பதற்கு அது கண் முன்னால் உள்ள சான்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 20 ஆவது உறுப்புரை, தன்னால் இயன்றவரை சுதந்திரமாகப் போய்வரும் உரிமையைப் பற்றியது. வாகனம் ஓட்டுவதும் அந்தப் போய்வருதலில் அடங்கும்.

எங்கள் வீதிகளில்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் உலகச் சந்தையில் திரைகள் பெருத்துவிட்டன. புதிதாக வரும் மின்கார்களில் அனேகமானவை பெரிய திரையை நம்பியவை. பழைய விட்ஸிலோ அக்குவாவிலோ பழகியவருக்கு அது பெரிய மாற்றம்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் திரை ஜப்பானிய மொழியில் மட்டுமே பேசும். ஆண்டுக்கணக்கில் ஓட்டியும் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத சாரதிகள் இங்கு ஏராளம். ஆனால் பொத்தானில் இருப்பது எழுத்து அல்ல, குறி. காற்றாடியின் படமும், முக்கோண அபாயக் குறியும், கண்ணாடியில் ஆவி போக்கும் வளைந்த அம்புகளும் எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான்.

திரை பழுதானால் என்ன ஆகும் என்பதையும் கேட்க வேண்டும். 2021 இல் டெஸ்லா, நினைவகச் சிப் தேய்ந்து திரை செயலிழப்பதால் ஏறத்தாழ 135,000 கார்களைத் திரும்ப அழைத்தது. திரை போனபோது பின்பக்கக் கமராவும், கண்ணாடியின் ஆவி போக்கும் கட்டுப்பாடும் கூடவே போயின. ஒரு பொத்தான் பழுதானால் அந்த ஒரு வேலைதான் நிற்கும். திரை பழுதானால் அதற்குள் இருக்கும் எல்லாம் நிற்கும். நிறுவனத்தின் திருத்தகம் கொழும்பில் மட்டும் இருந்தால், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்கு அந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது.

குரல் கட்டளை இதற்குத் தீர்வாகுமா? ஓரளவு. கையையும் கண்ணையும் அது விடுவிக்கிறது. ஆனால் யூட்டா ஆய்வாளர்களின் 2015 ஆம் ஆண்டுச் சோதனைகளில், சில கார்களில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் மனம் முழுமையாக வீதிக்குத் திரும்ப 27 செக்கன் வரை ஆனது. வாகனத்தின் கருவி தமிழை அறியாவிட்டால் அதன் பயன் இன்னும் குறையும்.

வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

1. கார் நிற்கும்போது சாரதி இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். சிக்னல், வைப்பர், ஹோர்ன், அபாய விளக்கு, முன்கண்ணாடி ஆவி போக்கி, ஒலியளவு ஆகியவற்றைக் கை கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

2. ஏசியின் வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கத் திரையில் எத்தனை தடவை தொட வேண்டும் என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் என்றால் ஓடும்போது அது தொல்லை.

3. திரை இயங்காவிட்டால் எவை இயங்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். திரையை அணைத்து நீங்களே பாருங்கள்.

4. திரையின் மொழியை ஆங்கிலத்துக்காவது மாற்ற முடியுமா, முடிந்தால் விற்பவரே மாற்றித் தருவாரா என்று கேளுங்கள்.

5. பகல் வெயிலில் திரை தெரிகிறதா, இரவில் அதன் வெளிச்சத்தைப் போதிய அளவு குறைக்கலாமா என்று பாருங்கள்.

6. செயற்கைக் கையோ கைக் கட்டுப்பாடோ பயன்படுத்துபவர், அதே கருவியுடன் காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே திரையுள்ள காரை வைத்திருப்பவர்கள், வரைபடம், ஏசி, வானொலி எல்லாவற்றையும் புறப்படும் முன் சரிசெய்துகொள்வது நல்லது. ஸ்டியரிங்கில் பொத்தான்கள் இருந்தால் அவற்றைப் பழகிக்கொள்ளுங்கள். வெசல் போன்ற கார்களின் தொடுபலகையில், அடிக்கடி தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் தடித்த ஒரு சிறு புள்ளியை ஒட்டிவைத்தால், விரல் அதைப் பிடித்துக்கொண்டு இடத்தை அறியும். ஓடும்போது திரையில் ஏதாவது தேட வேண்டி வந்தால், அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள்.

வரைபடத்துக்கும் பின்பக்கக் கமராவுக்கும் திரை பயனுள்ளது. அவற்றுக்குப் பொத்தான் ஈடாகாது. ஆனால் மழை, புழுதி, இருட்டு, குறுக்கே வரும் ஆள் என்று ஒரு நொடியில் கை போக வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றைக் கண்ணின் உதவியின்றிச் செய்ய முடிவது எல்லாச் சாரதிகளுக்கும் பாதுகாப்பு. உடலில் ஏற்கெனவே ஓர் இழப்பைச் சுமப்பவருக்கு, ஓட்ட முடிவதற்கே அது அடிப்படை. ஐரோப்பாவின் புதிய விதி ஐந்து வேலைகளை மட்டுமே தொடுகிறது. ஏசியும் கண்ணாடி ஆவி போக்கியும் அந்தப் பட்டியலில் இல்லை. மீதியை வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும்.